நான்காம் வரி

ஆலங்கரணை,
செங்கல்பட்டு வழி.
11.8.1996

கர்த்தருக்குள் பிரியமான மகள் எஸ்தருக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தேவ கிருபையால் சுகம். உன் சுகத்துக்கு உடனே எழுதவும்.

நீ சொன்னபடி உறையின் மேல் "பொன்னி" என்றே எழுதியிருக்கிறேன். சபையின் பெயர் அச்சடித்த உறை வேண்டாம் என்றாய், தபாலாபீசில் வெறும் உறை வாங்கினேன். ஆபீசில் உனக்குப் பொன்னி என்ற பெயர், பள்ளிச் சான்றிதழில் பொன்னி, எல்லாம் சரி. உள்ளே நான் ஞானஸ்நானப் பெயரைத்தான் எழுதுவேன். அதற்கும் தடை போடாதே.

நீ வீட்டுக்கு வந்து ஐந்து ஞாயிறு ஆகிறது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் உனக்கென்று ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போடுகிறாள். ஆராதனை முடிந்து வந்து அதையும் நான் தின்று தீர்க்க வேண்டியிருக்கிறது. செல்லம்மா கையில் சோறு வீணாகக் கூடாது, உனக்குத் தெரியாததா?

ஞாயிறுதோறும் சென்னையில் அஞ்சல்வழிப் படிப்புக்கு வகுப்பு என்கிறாய். வாதங்களை நிரூபிக்கிற பாடம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். முப்பது வருஷமாகத் தெருமுனையில் நின்று வாதம் செய்கிறவன் உபதேசியார் தேவசகாயம். எனக்குத் தெரியாத வாதமா? எழுது, பார்க்கிறேன்.

அன்புள்ள அப்பா,
தேவசகாயம்

•

நகரியம்,
சதுரங்கப்பட்டினம் அருகில்.
20.8.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வேலை அதிகம், கோபிக்காதீர்கள்.

பாடம் கேட்டீர்களே, சொல்கிறேன். இதில் நீங்கள் சொல்வது உண்மையா பொய்யா என்று யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் வைத்த வரிகளிலிருந்து கடைசி வரி தானாக வந்து சேருகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் எண் போட வேண்டும், எந்த விதியால் வந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும்.

முதல் விதி: மழை பெய்தால் கொளவாய் ஏரி நிரம்பும், மழை பெய்தது, ஆகவே ஏரி நிரம்பியது. இதற்குப் பெயர் மோடஸ் போனன்ஸ். இரண்டாவது: மழை பெய்தால் ஏரி நிரம்பும், ஏரி நிரம்பவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை. இது மோடஸ் டோலன்ஸ். ஆனால் "ஏரி நிரம்பியது, ஆகவே மழை பெய்தது" என்றால் செல்லாது. மேல் ஏரி உடைந்தும் தண்ணீர் வந்திருக்கலாம் அல்லவா?

வேடிக்கை ஒன்று கேளுங்கள். ஒன்றும் அதற்கு எதிரானதும் ஒரே தாளில் இருந்தால், அந்தத் தாளிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். "இன்று ஞாயிறு. இன்று ஞாயிறு இல்லை." முதல் வரி இருப்பதால், "இன்று ஞாயிறு அல்லது ஏரி வற்றிவிட்டது" என்று சேர்த்துச் சொல்லலாம், இரண்டில் ஒன்று உண்மையானால் போதும். ஆனால் இன்று ஞாயிறு இல்லை என்று இரண்டாம் வரி சொல்கிறது. மிச்சம் என்ன? ஏரி வற்றிவிட்டது. விதிப்படி ஒரு பிழையும் இல்லை.

இன்னொன்று. மறைத்தால் மனசு கேட்காது. எதிர் வீட்டுச் சங்கரி அக்கா (அவர் வீட்டுக்காரர் சீனு எங்கள் ஆபீசில் நிர்வாகப் பிரிவு) என்னைத் திருவிடந்தை கோயிலுக்குக் கூட்டிப் போனார். கல்யாணம் ஆகாதவர்கள் அங்கே மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வர வேண்டுமாம். வந்தேன். வர மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். எட்டாவது சுற்றில் அழுகை வந்தது. பக்தி என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

உங்கள் மகள்,
பொன்னி (உங்களுக்கு மட்டும் எஸ்தர்)

•

ஆலங்கரணை
8.9.1996

பிரியமான எஸ்தருக்கு,

கடிதம் கிடைத்தது. உன் ஏரிக் கணக்கை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஏரில தண்ணி தளும்பிக்கினு கீது, வத்திப்போச்சின்னு எய்தி வச்சிக்கீறா. இதுக்கா சம்பளத்தப் போட்டுப் படிக்கிறா?" என்றாள். எனக்குப் புரிந்தது. மூன்று நாள் ஆயிற்று, ஆனாலும் புரிந்தது. பொய்யும் மெய்யும் ஒரே பானையில் கிடந்தால் எதை வேண்டுமானாலும் வடித்துக்கொள்ளலாம் என்கிறாய்.

மாலை விஷயமும் படித்தேன். திட்டி எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். நீ அழுதாய் என்ற வரி இல்லாவிட்டால் கிழித்திருக்க மாட்டேன்.

நானும் ஒரு வாதம் செய்திருக்கிறேன், திருத்தி அனுப்பு. 1. மகளுக்கு அன்பு இருந்தால் கடிதம் எழுதுவாள். 2. கடிதம் எழுதினாள். ஆகவே, மகளுக்கு அன்பு இருக்கிறது. செல்லுமா?

அப்பா

•

நகரியம்
3.10.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாதம் செல்லாது. ஏரி நிரம்பியதால் மழை என்ற அதே தப்பு. ஆனால் கடைசி வரி உண்மைதான்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாருடைய சாதிச் சான்றிதழையும் சரிபார்க்கக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். "உனக்கென்னம்மா பயம், வெறும் சடங்கு" என்று சீனு அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். செங்கல்பட்டுத் தாலுக்கா ஆபீசிலிருந்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) நம் ஊருக்கு வருவார். சாமி படம் இருக்கிறதா, செத்தவர்களை எங்கே புதைத்தார்கள், எல்லாம் பார்ப்பாராம். போன வருஷம் இங்கே ஒருவரை இதற்காகவே வேலையை விட்டு அனுப்பினார்கள். வழக்கும் போட்டார்கள்.

இங்கே எல்லாரும் என் நெற்றியைப் பார்க்கிறார்கள். இந்துப் பெண் என்றால் பொட்டு வைப்பாள், பொன்னி பொட்டு வைத்திருக்கிறாள், ஆகவே இந்து. செல்லாத வாதம், அப்பா. மூன்று வருஷமாக அந்தச் செல்லாத வாதத்தின் மேல்தான் என் சம்பளம், என் குவார்ட்டர்ஸ், நம் வீட்டுக் கூரை எல்லாம் நிற்கின்றன. இப்போது வரப்போகிறவர் செல்லுகிற வாதத்தோடு வருகிறார். எழுதிப் பார்த்தேன்.

1. பெற்றவர் கிறிஸ்தவர் என்றால் பொன்னி கிறிஸ்தவள்.
2. பொன்னி கிறிஸ்தவள் என்றால் சான்றிதழ் செல்லாது.
3. சான்றிதழ் செல்லாது என்றால் வேலை போகும்.
4. பொன்னியைப் பெற்றவர் கிறிஸ்தவர்.
ஆகவே, வேலை போகும்.

மோடஸ் போனன்ஸை மூன்று தடவை போட்டால் முடிந்தது. ஓட்டை தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. சாதி அதே சாதி, சேரி அதே சேரி, டீக்கடையில் நமக்கு வைத்த தனி கிளாஸும் அதே கிளாஸ். ஆனால் கிறிஸ்தவர் என்றால் எஸ்.சி. இல்லை என்கிறது சட்டம். முதல் மூன்றும் சர்க்கார் எழுதிய வரிகள், என்னால் தொட முடியாது. நாலாவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதை வெட்டினால் மிச்சம் எதுவும் நகராது.

நீங்கள் உபதேசியார் வேலையை விட்டுவிட்டு, தாய்மதத்துக்குத் திரும்பியதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

பொன்னி

•

ஆலங்கரணை
14.10.1996

மகளே,

அடுப்பில் போட்டேன். நாலு வரியை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

செய்ய மாட்டேன்.

நீ கேட்டது என்னவென்று யோசித்தாயா? இந்த ஊரில் முதலாளி வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவன் என் அப்பன். அவன் பிள்ளையை நாற்காலியில் உட்காரச் சொன்ன முதல் இடம் நம் சபைக் கோயில். எழுதப் படிக்க வைத்தது கோயில். அதை ஒரு தாளில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், பிறகு இந்தக் கைக்கு என்ன மரியாதை?

கிராம நிர்வாக அலுவலரோடு போகிற தலையாரி திருவேங்கடம் நேற்று வழியில் மறித்தான். "இன்னா உபதேசியாரே, நீ இங்க மணி அடிச்சிக்கினு கீற, உம் பொண்ணு அங்க இந்துன்னு கீது. தாலுக்காவுலேர்ந்து வந்தா இன்னா சொல்லப் போற?" என்றான். "உள்ளதச் சொல்லுவேன்" என்றேன். "அப்ப பொண்ணு கத பேஜாராப் பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீ வேலையை விட்டுவிட்டு வா. கஞ்சியோ கூழோ மூவரும் குடிப்போம்.

அப்பா

•

நகரியம்
21.10.1996

அப்பா,

கஞ்சி குடிக்கலாம் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். ஜெயிலுக்குள் யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

உங்களை ஒன்று கேட்கிறேன். ஆறாம் வகுப்பில் ஹாஸ்டலில் சேர்க்கப் போனோம். ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்துன்னு போட்டாத்தான்யா ஸ்காலர்ஷிப்பு. இன்னா போடட்டும்?" என்று கேட்டார். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அன்றைக்குக் கை மரியாதை எங்கே போயிற்று?

எனக்குப் பதினோரு வயது. ஒன்றையும் அதற்கு எதிரானதையும் ஒரே தாளில் எழுதி என் கையில் கொடுத்தது நீங்கள். பதினைந்து வருஷமாக அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி கேட்டால் காதை மூடிக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறேன். தூக்கத்தில் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று தோழிகளோடு ஒரே அறையில் படுப்பதில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது, அப்பா.

ஆர்.ஐ. நவம்பர் கடைசியில் வருகிறாராம். நாலாவது வரியை வெட்ட முடியாதென்றால் எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

பொன்னி

•

ஆலங்கரணை
2.12.1996

அன்புள்ள பொன்னிக்கு,

நலம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் நீ எரித்துவிட வேண்டும். இனிமேல் எழுதும் கடிதங்களை யார் படித்தாலும் பாதகமில்லை.

புதன்கிழமை ஆர்.ஐ. வந்தார். கூடத் திருவேங்கடம். வீட்டுக்குள் வந்து சிலுவையைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், ஞானஸ்நானப் பதிவேட்டை எடுக்கச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்: "நீர் கிறிஸ்தவர்தானே?" ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார். "பொன்னி உம்ம பொண்ணுதானே?"

ஐந்து வாரம் உன் நாலு வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நாலாவது வரியில் இரண்டு சங்கதி இருக்கிறது, அம்மா. பெற்றவர் என்று ஒன்று. கிறிஸ்தவர் என்று ஒன்று. நீ இரண்டாவதை வெட்டச் சொன்னாய். எதை வெட்டினாலும் வரி விழுந்துவிடும் அல்லவா? நான் முதலாவதை வெட்டினேன்.

"இல்ல சார். எங்க அண்ணன் பொண்ணு" என்றேன்.

என் அண்ணன் வரதனை உனக்கு நினைவிருக்காது. எங்கள் குடும்பத்தில் ஞானஸ்நானம் வாங்காத ஒரே ஆள். நீ பிறந்த மறு வருஷம் மஞ்சள் காமாலையில் போனார், அண்ணி அதற்குச் சில மாதம் முன்னால். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. இப்போது இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாத குழந்தையை நான் எடுத்து வளர்த்தேன், பள்ளியில் சேர்க்கும்போது தகப்பன் என்ற இடத்தில் வளர்த்தவன் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். நீ வீட்டில் பிறந்தவள், பிறப்புப் பதிவு இல்லை. அதனால் பொருந்திவிட்டது.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். 1970இல் விரல் நின்றது. "எஸ்தர்னு ஒரு பொண்ணு உமக்குப் பொறந்ததா எழுதியிருக்கே. அது எங்க?"

"அது பூட்ச்சி சார். சின்னதுலயே."

எத்தனை வயதில் என்றார். பதினேழு மாதம் என்றேன். எங்கிருந்து அந்தக் கணக்கு வாயில் வந்தது என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேலே கேட்கவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார். அந்தத் திருவேங்கடம், பேஜார் என்று சொன்னவன், முன்னால் வந்து, "வரதன் பொண்ணுதான் சார், ஊருக்கே தெரியும்" என்று கையெழுத்துப் போட்டான். பக்கத்து வீட்டு ஆராயியும் கைநாட்டு வைத்தாள்.

இதெல்லாம் நடக்கும்போது செல்லம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர்கள் போன பிறகு ஒரே ஒரு தடவை பேசினாள். "கோயில வுட முடியல உன்னால. பெத்தத வுட்டுட்ட. வவுத்துல சொமந்தவ நானு. என்ன ஒரு வார்த்த கேட்டியா?" அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சோறு வைக்கிறாள், நகர்ந்துவிடுகிறாள். அவள் சொன்னது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. உனக்காகச் செய்தேனா, எனக்காகச் செய்தேனா என்று யோசிக்கிறேன். ஞாயிறு பிரசங்கத்தில் பாதியில் நின்றுவிட்டேன்.

இனி நீ இங்கே வந்தால் சித்தப்பா, சித்தி என்று முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும், கடிதத்திலும் அப்படியே. ஊரில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. வாய் தவறினால் உன்னோடு சேர்த்துத் திருவேங்கடமும் ஆராயியும் மாட்டுவார்கள். கொஞ்ச நாள் வராமல் இருப்பதே நல்லது. சித்திக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் போடு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அப்போதாவது என் எதிரில் உட்காருவாள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் சித்தப்பா,
தேவசகாயம்

•

நகரியம்
16.2.1997

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பொன்னி எழுதிக்கொள்வது. இங்கு நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் எழுதவும்.

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னியுங்கள். தாளை எடுத்தால் முதல் வரியிலேயே கை நின்றுவிடும். ஏழெட்டுத் தாள் கிழித்தேன். இன்றுதான் எழுத வந்தது.

சான்றிதழ் சரியானது என்று கலெக்டர் ஆபீசிலிருந்து பதில் வந்துவிட்டது. பதவி உயர்வு ஆணையும் வந்தது. ஆபீசில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். வழக்கு என்ற பயம் போய்விட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. முன்பு ஆபீசில் மட்டும் பேச்சை அளந்து பேசுவேன், இப்போது உங்களுக்கு எழுதும்போதும் அளந்துதான் எழுதுகிறேன்.

படிப்பில் அந்த வாதப் பாடத்தில் எண்பத்தாறு மதிப்பெண். பரீட்சையில் ஒரு கேள்வி, நாலு வரி கொடுத்து ஐந்தாவதை நிரூபிக்கச் சொன்னார்கள். எல்லாரும் விடை எழுதி முடித்த பிறகும் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் செய்ததையும் சரிபார்த்தேன், சித்தப்பா. நாலாவது வரி இல்லாமல் ஐந்தாவதற்குப் போக வழியே இல்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நான்தான் கேட்டேன் என்பதும் நினைவிருக்கிறது. இரண்டும் போகவில்லை.

ஒரு நல்ல செய்தி. சங்கரி அக்கா பார்த்த இடம் கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் பூபாலன், மதுராந்தகம் பக்கம், எங்கள் ஆபீசில் ஸ்டோர்ஸ். நம் சாதிதான், இந்து. நல்ல மாதிரி. அவரிடமும் எல்லாரிடமும் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம்.

பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வளர்த்த சித்தப்பா இருக்கிறாரே என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். அவர் கிறிஸ்தவர், மணையில் உட்கார மாட்டார் என்று சொன்னேன். இந்தக் கல்யாணத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். சீனு அண்ணனும் சங்கரி அக்காவும் உட்காருகிறார்கள்.

பத்திரிகை அச்சுக்குப் போகிறது. "அமரர் வரதன் அவர்களின் குமாரத்தி" என்று என் பெயருக்கு முன்னால் வருகிறது. உங்கள் இருவர் பெயரையும் கீழே, "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற இடத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். அந்த வரிசையில் மாமா, மச்சான் எல்லாருக்கும் முன்னால், முதலில் வரும்படி அச்சகத்துக்காரரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

சித்தியைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவரிடம் இதை மெதுவாகப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகள்,
பொன்னி